முகாம் தளத்தில் மின்னழுத்தம் தள்ளாடும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து பாலத்தைக் கடந்து பாலிக் பூலாவ் டுரியான் தோட்டங்களுக்கும், பள்ளி விடுமுறை நீளமாக இருந்தால் கோலாலம்பூரைத் தாண்டி உலு லங்காட் ஆற்றோரங்களுக்கும் மோட்டார்ஹோமில் சென்று தங்கும் பழக்கம் எங்கள் மூன்று குடும்பங்களுக்கு உண்டு. நான் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்பதால், ஏர்கோன் நின்றாலும் குளிர்சாதனப் பெட்டி குளிராவிட்டாலும் மற்ற இரு வீட்டாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வாறு பார்த்தவற்றில் பெரும்பாலானவை வண்டியின் பழுதுகள் அல்ல. முகாம் தளத்தில் வண்டியைச் செருகும் மின்கம்பத்திலிருந்து வந்த மின்னழுத்தம் நிலையாக இல்லாததால் நேர்ந்தவை. அதை உணராமல் நல்ல ஏர்கோனைக் கழற்றிப் பிரித்தவர்களையும், கம்ப்ரசர் எரிந்த பிறகே மீட்டர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் தங்கிய தளங்களில் பல, முன்பு பழத்தோட்டமாகவோ ஆற்றோரக் குடிலாகவோ இருந்தவை. ஒரு வீட்டுக்கு வந்த மின்னிணைப்பையே பத்துக் கம்பங்களுக்கு இழுத்துப் பிரித்திருப்பார்கள். மலேசியாவில் 2008 ஜனவரி முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அது 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். ஆக, தோட்டத்து மின்மானி வரைக்கும் 216 முதல் 253 வோல்ட் வரை வருவது முறையானது. அந்த மின்மானிக்கு அப்பால் நூறு மீட்டர் ஒல்லியான கம்பியில் பயணம் செய்து உங்கள் வண்டிக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் நமது கேள்வி.

முதலில் இரண்டு அளவுகளை எடுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் செய்யும் முதல் வேலை இதுதான். வண்டிக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளக்கில் செருகும் வோல்ட் மீட்டரைப் பார்த்து ஓர் அளவைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு 2000 வாட் மின்கேத்தலில் தண்ணீர் நிரப்பி, அது கொதிக்கும்போதே இன்னோர் அளவைக் குறிக்கிறேன். சுமையில்லாதபோது வரும் எண்ணை மட்டும் பார்த்து "238 இருக்கிறது, நன்றாகத்தானே வருகிறது" என்று திருப்தி அடைவதுதான் பலரும் செய்யும் தவறு. குழாயைத் திறக்காமல் தண்ணீரின் வேகத்தைச் சொல்ல முடியாததைப் போல, மின்னோட்டம் ஓடாமல் கம்பியின் தரத்தைச் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டாக, கேத்தல் இல்லாமல் 238, கேத்தலுடன் 221 என்று வந்தால், ஏறத்தாழ 8 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 17 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஓர் ஆம்பியருக்கு 2 வோல்ட் என்று கணக்கு வைத்துக்கொண்டால், 13 ஆம்பியர் பிளக்கின் முழு அளவுக்கும் நீங்கள் இழுக்கும்போது 212 வோல்ட்தான் மிஞ்சும். ஏர்கோனும் கேத்தலும் ஒன்றாக ஓடக்கூடாது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டு எண்களும் மூன்று வகையாக அமையும். சுமையில்லாமலே குறைவாக இருந்தால், அழுத்தத்தை இறக்குவது மற்றவர்களின் சுமையோ மின்வழங்கலோதான். சுமை ஏற்றியதும் விழுந்தால், உங்களுக்கும் மின்மானிக்கும் இடையே ஒல்லியான கம்பியோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது. உங்கள் சுமை மாறாமல் இருக்கும்போதே எண் ஏறி இறங்கினால், பக்கத்து வண்டிகளையும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியையும் சந்தேகிக்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகள் யாவற்றுக்கும் இந்தப் பிரிவினையே அடிப்படை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வண்டியும் உங்கள் கம்பியும் மட்டுமே உங்கள் கை படக்கூடியவை. கம்பத்துப் பெட்டியைத் திறப்பது எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. நான் அந்தத் தொழிலிலேயே இருந்தும், பிறர் இடத்துக் கம்பப் பெட்டியில் கை வைப்பதில்லை.

ஏர்கோன் முனகுகிறது, ஆனால் குளிர்க்காற்று வரவில்லை

கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அந்த நொடியில், வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி பலவீனமாக இருந்தால் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்துவிடும்; மோட்டார் சுழல முடியாமல் நின்ற இடத்திலேயே முனகும்; சில நொடிகளில் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு துண்டித்துவிடும். ஆறியதும் மீண்டும் முயலும், மீண்டும் முனகும். மின்சுருளின் காப்புப் பூச்சு இப்படித்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகுகிறது. ஆகவே முனகல் கேட்டதுமே அணைத்துவிடுங்கள். குளிர்வாயுவின் அழுத்தம் இரு பக்கமும் சமமாவதற்குக் குறைந்தது மூன்று நிமிடம் விடாமல் மீண்டும் இயக்கக்கூடாது.

பிறகு, எங்கே மின்னழுத்தம் தொலைகிறது என்று தேடுங்கள். கம்பத்துப் பிளக்கிலேயே கேத்தலைச் செருகி அளந்து, வண்டிக்குள் கிடைத்த அளவுடன் ஒப்பிட்டால், வித்தியாசம் முழுவதும் உங்கள் நீட்டிப்புக் கம்பியில் போகிறது என்று அர்த்தம். 10 ஆம்பியர் மின்னோட்டத்தில் 25 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் நாலரை வோல்ட் இழக்கும். அதே நீளத்துக்கு 1.5 கம்பி ஏழு வோல்ட்டுக்கு மேல் இழக்கும். வீட்டில் விசிறிக்குப் போடும் 0.75 கம்பியோ பதினைந்து வோல்ட்டை விழுங்கிவிடும், அதோடு சூடாகியும் உருகும். மோட்டார்ஹோமுக்கு 2.5-க்குக் குறைந்த கம்பியை நான் ஏற்பதில்லை. உருளையில் சுற்றிய கம்பியாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்து விரித்துவிட வேண்டும். சுற்றியபடியே 10 ஆம்பியர் ஓட்டினால் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியிருக்காது.

கம்பத்திலேயே அளவு விழுகிறதென்றால் உங்கள் கம்பியை மாற்றிப் பயனில்லை. வேறு கம்பம் கேளுங்கள். மின்மானிக்கு அருகில் இருக்கும் கம்பமே எப்போதும் நல்லது, காட்சி எப்படியிருந்தாலும். கம்ப்ரசரை மெதுவாகத் தொடங்க வைக்கும் மென்தொடக்கி (soft starter) பொருத்தினால் தொடக்க மின்னோட்டம் பாதி அளவுக்கும் கீழே குறையும் என்பதால், பழைய வகை ஏர்கோன் வைத்திருப்பவர்களுக்கு அதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். இன்வெர்ட்டர் வகை ஏர்கோன் மெதுவாகவே தொடங்கும். ஆயினும், மின்னழுத்தம் குறையக் குறைய அது அதே வேலையைச் செய்வதற்காகக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. சுமையோடு 210 வோல்ட்டுக்குக் கீழே போனால் நான் எந்த ஏர்கோனையும் ஓட்டுவதில்லை.

மாலை ஏழு மணிக்கு மேல் எல்லாமே மந்தமாகிறது

பாலிக் பூலாவில் ஒரு தோட்டத்தில் இதை முதன்முதலாக முழுமையாகப் புரிந்துகொண்டேன். பிற்பகலில் சுமையில்லாமல் 234 காட்டிய மீட்டர், இரவு எட்டு மணிக்கு நாங்கள் எதையும் போடாமலே 198 காட்டியது. "ஏழு மணி ஆனா இப்படித்தான் அண்ணே, எல்லாரும் ஏர்கோன் போட்ருவாங்க" என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. தைப்பூசத்தில் தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் விளக்குகள், ஒலிபெருக்கியின் உறுமி மேளத்துக்கு ஏற்ப மங்கி மங்கி எரிவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே கம்பியில் தொங்கும் எல்லாரும் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கிறார்கள்.

இங்கே எதை நிறுத்துவது, எதை விடுவது என்பதில் தெளிவு வேண்டும். கேத்தல், சோற்றுப் பானை போன்ற சூடேற்றும் பொருட்களுக்குக் குறைந்த மின்னழுத்தத்தால் கேடு இல்லை. 190 வோல்ட்டில் 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 1365 வாட்தான் தரும். தண்ணீர் தாமதமாகக் கொதிக்கும், அவ்வளவே. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் உறிஞ்சல் வகைக் குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான்: அதன் சூடேற்றி மூன்றில் ஒரு பங்கு வலுவை இழப்பதால் இரவு முழுவதும் ஓடியும் குளிராது. பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணாமல் எரிவாயுவுக்கு மாற்றிவிட்டு, காலையில் பாருங்கள். கம்ப்ரசர், தண்ணீர்ப் பம்பு போன்ற மோட்டார்கள்தாம் உண்மையில் அடிபடுபவை. மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை ஏற்பவை; அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இதற்குத் தீர்வு நேரத்தை மாற்றுவதுதான். பேட்டரியைப் பகலிலேயே நிரப்பிவிடுங்கள். இரவுச் சமையலை எரிவாயுவில் செய்யுங்கள். ஏர்கோனை மாலை ஐந்து மணிக்கே போட்டு வண்டியைக் குளிர்வித்துவிட்டு, உச்ச நேரத்தில் விசிறிக்கு மாறுங்கள். பத்தரை மணிக்கு மேல் பிள்ளைகள் தூங்கியதும் தளத்தின் சுமை தானாகவே இறங்கும்.

மின்னழுத்த நிலைப்படுத்தி வாங்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 190 வோல்ட்டை 225 ஆக உயர்த்திக் கொடுக்கும்போது, கம்பத்திலிருந்து அதே விகிதத்தில் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. உங்களுக்கு 10 ஆம்பியர் வேண்டுமென்றால் கம்பத்திலிருந்து ஏறத்தாழ 12 ஆம்பியர். அதனால் கம்பி இன்னும் சரிகிறது, பக்கத்து வண்டிக்கு இன்னும் குறைகிறது. தளத்தில் ஐந்து பேர் இதைச் செய்தால் ஐந்து பேருக்கும் கெடுதல். குளிரூட்டி இல்லாமல் முடியாத முதியவரோ நோயாளியோ வண்டியில் இருக்கும்போது தவிர, நான் அதை எடுத்துச் செல்வதில்லை.

"டக், டக்" என்று ரிலே ஓசை, விளக்கு சிமிட்டிச் சிமிட்டி வருகிறது

பேட்டரிக்கு இன்வெர்ட்டர் சார்ஜர் (கம்பத்து மின்சாரத்தில் பேட்டரியை நிரப்பி, அது இல்லாதபோது பேட்டரியிலிருந்து வண்டிக்கு மின்சாரம் தரும் கருவி) வைத்திருக்கும் வண்டிகளுக்கே உரிய அறிகுறி இது. பலரும் கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் இதற்குத்தான். நடப்பது இதுதான். கம்பத்து மின்னழுத்தம் கருவியின் கீழ் எல்லைக்கு, பெரும்பாலும் 180 - 190 வோல்ட்டுக்கு, இறங்கியதும் கருவி கம்பத்தைக் கைவிட்டுப் பேட்டரிக்குத் தாவுகிறது. தாவியவுடன் உங்கள் சுமை கம்பத்திலிருந்து நீங்குவதால் மின்னழுத்தம் மீண்டும் 215-க்கு ஏறுகிறது. கருவி அதைப் பார்த்து, மின்சாரம் சரியாகிவிட்டது என்று முடிவு செய்து திரும்பவும் கம்பத்துக்குத் தாவுகிறது, சுமை ஏறுகிறது, மீண்டும் சரிகிறது. ஒரு மணி நேரத்தில் இது நூறு முறைகூட நடக்கலாம். ரிலே எனும் தானியங்கிச் சுவிட்சின் முனைகள் தேய்கின்றன, பேட்டரி நிரம்புவதற்குப் பதிலாகக் கரைகிறது.

சரிசெய்ய முதலில் பேட்டரி நிரப்பும் மின்னோட்டத்தைக் குறையுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 50 ஆம்பியர் ஊட்டும் சார்ஜர், கம்பத்திலிருந்து ஏறக்குறைய 800 வாட் எடுக்கிறது. அதை 15 ஆம்பியராக்கினால் ஐந்நூறு வாட்டுக்கு மேல் சுமை குறைகிறது. அத்துடன், கம்பத்திலிருந்து எடுக்கும் உச்ச மின்னோட்டத்துக்கான அமைப்பு உங்கள் கருவியில் இருந்தால் அதை 6 ஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். கருவிக்குத் துணைமின் வசதியும் இருந்தால் மிச்சத் தேவையைப் பேட்டரி கொடுக்கும், கம்பம் சரியாது. மீளிணைப்புக்கான காத்திருப்பு நேரத்தை ஐந்து நிமிடமாக நீட்டினால் தாவலின் எண்ணிக்கை குறையும்.

கீழ் எல்லையை 160-க்கு இறக்கி ஓசையை நிறுத்த வேண்டாம். ஓசை நின்றுவிடும், ஆனால் அந்த 160 வோல்ட் நேராக உங்கள் ஏர்கோனுக்குப் போகும்.

விசிறி திடீரென்று வேகமெடுக்கிறது, சார்ஜரில் வாடை வருகிறது

இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள்: கம்பத்துச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். மற்றவை பிறகு.

பெரிய தளங்களுக்கு மூன்று கட்ட மின்சாரம் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு கட்டங்களுக்கு இடையே 400. கம்பங்களை மூன்று கட்டங்களுக்கும் பங்கிட்டிருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தாலோ தளர்ந்தாலோ, உங்கள் வண்டியும் அடுத்த கட்டத்து வண்டியும் அந்த 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும் நிலை உண்டாகிறது. அதிகச் சுமை போட்டவருக்குக் குறைந்த மின்னழுத்தமும், சுமையே போடாமல் சிக்கனமாக இருப்பவருக்கு மிக அதிகமும் கிடைக்கும். உலு லங்காட்டில் ஒரு தளத்தில் எங்கள் மேசை விசிறி வேகமெடுத்தபோது மீட்டர் 268 காட்டியது. அதே நேரத்தில் நண்பர் வண்டியில் 187. இரண்டு வண்டிகளையும் பிடுங்கினோம். ஆனாலும் அவர் பிள்ளையின் மூச்சிழுப்புக் கருவியின் சார்ஜர் அதற்குள் போய்விட்டது. அன்றிரவு அவர்கள் முகாமை முடித்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினார்கள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது, ஏனென்றால் காலையிலேயே எண்கள் ஏறி இறங்கியதைக் கண்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பக்கத்துக் கம்பத்தில் இருப்பவரைக் கேத்தல் போடச் சொல்லி, உங்கள் மீட்டரைப் பாருங்கள். அவர் சுமை ஏற்றியதும் உங்கள் எண் சற்றுக் குறைந்தால் இருவரும் ஒரே கட்டத்தில் இருக்கிறீர்கள். ஓரிரு வோல்ட் ஏறினால் வேறு கட்டம், அது இயல்பு. பத்து வோல்ட்டுக்கு மேல் ஏறினால் நியூட்ரல் கெட்டிருக்கிறது, அந்தத் தளத்தில் எந்தக் கம்பத்திலும் இணைக்காதீர்கள். எல்இடி விளக்குகள் உள்ளே தமக்கென ஒரு சீராக்கியை வைத்திருப்பதால் 270 வோல்ட்டிலும் வெளிச்சம் மாறாமல் எரியும். பழைய குண்டு விளக்கைப் போல அவை எச்சரிக்காது என்பதாலும் மீட்டர் இன்றியமையாதது.

இந்த ஓர் அபாயத்துக்காகவே, அதிக மற்றும் குறைந்த மின்னழுத்தத்தில் துண்டிக்கும் காப்பு ரிலேயை ஒவ்வொரு வண்டியிலும் நுழைவாயிலிலேயே பொருத்த வேண்டும் என்கிறேன். என்னுடையதை 207-க்குக் கீழும் 253-க்கு மேலும் துண்டித்து, சரியான பின் 180 நொடி காத்திருந்து இணைக்கும்படி அமைத்திருக்கிறேன். நிலைப்படுத்திக்குச் செலவிடும் பணத்தின் சிறு பகுதியே இதற்கு ஆகும்.

பிளக் சூடாகிறது, பழுப்பு நிறம் தட்டியிருக்கிறது

மின்னழுத்தத்தை விட்டுவிட்டு இணைப்பைப் பாருங்கள். தளர்ந்த 13 ஆம்பியர் பிளக் பொந்துதான் காரணம். பிளக்கைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாத அளவு சூடு இருந்தால் அணைத்துவிட்டு வேறு பொந்துக்கு மாறுங்கள். கருகிய பிளக்கை வெட்டிப் புதியது போடுங்கள், தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பெரிய கூடார வண்டிகளுக்கான நீல நிற 16 ஆம்பியர் வட்டப் பிளக் தளத்தில் இருந்தால், நீண்ட நேரச் சுமைக்கு அதுவே மேல்.

ஈஎல்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது

மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச்தான் ஈஎல்சிபி. ஆகவே இது பெரும்பாலும் மின்னழுத்தச் சிக்கல் அன்று, மின்கசிவு. வண்டிக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஈஎல்சிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். தண்ணீர்ச் சூடேற்றியும், மழையில் புல்லில் கிடந்த நீட்டிப்புக் கம்பியின் இணைப்பும் முதல் குற்றவாளிகள். எதுவுமே செருகாதபோதும் விழுந்தால், வெளிக்கம்பியையே சந்தேகியுங்கள். சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியரும் மற்ற பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியரும் உள்ள ஈஎல்சிபிகள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அது விழுவது தொந்தரவாக இருக்கிறதென்று 100 மில்லி ஆம்பியருக்கு மாற்றியவர் ஒருவரைச் சந்தித்தேன். அன்றே கழற்ற வைத்தேன்.

வண்டிப் படியைத் தொட்டால் விறுவிறுக்கிறது

எர்த் தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே உண்மையான கசிவு இருக்கிறது. எது என்று கையால் உணர்ந்து சொல்ல முடியாது. ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கும் வண்டியில் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைப் பிடிக்கும் குழந்தைக்குத்தான் அடி. பிள்ளைகளை விலக்கிவிட்டு, வண்டியைத் தொடாமல் கம்பத்தில் அணைத்துப் பிடுங்குங்கள். மூன்று விளக்குச் சோதனைப் பிளக் எர்த் கம்பி இருக்கிறதா என்று காட்டும், அது நல்ல எர்த்தா என்று காட்டாது. வயர்மேன் அளந்து சொல்லும் வரை அந்தக் கம்பத்தை விட்டுவிடுங்கள்.

மின்தடைக்குப் பிறகும் இடிமழையிலும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி அன்றாட நிகழ்ச்சி போன்றது. இடி நெருங்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதை விடச் சிறந்த காப்பு இல்லை. மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தில் தளத்திலுள்ள எல்லா ஏர்கோன்களும் ஒன்றாகத் தொடங்க முயல்வதால், ஐந்து நிமிடம் பொறுத்து மீட்டரைப் பார்த்துவிட்டு இணையுங்கள். தளம் ஜெனரேட்டருக்கு மாறியிருந்தால் வோல்ட்டுடன் அதிர்வெண்ணையும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது, 47-க்கு இறங்கினால் இயந்திரம் சுமை தாங்காமல் திணறுகிறது என்று பொருள்.

தளத்தாரிடம் எப்படிச் சொல்வது

"உங்கள் கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மணி, கம்பத்தின் எண், சுமையில்லாத அளவு, சுமையோடு அளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மின்மானி அருகிலேயே 216-க்குக் கீழே இருந்தால், தளத்தார் மின்வழங்கல் நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணில் முறையிட வேண்டியது அது. மின்மானியில் நன்றாக இருந்து கம்பத்தில் குறைந்தால், தளத்தின் சொந்தக் கம்பியை மாற்ற வேண்டும்.

பாலிக் பூலாவ் தோட்டத்தில் நாங்கள் அப்படி மூன்று இரவுகளின் அளவுகளை எழுதிக் கொடுத்தோம். மின்மானியில் 231, எங்கள் கம்பத்தில் 198. எண்பது மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி ஓடியிருந்தது. 20 ஆம்பியர் மின்னோட்டத்தில் அதற்கே பதினேழரை வோல்ட் போய்விடும், அங்கே அதைவிட அதிகம் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த டுரியான் பருவத்தில் நாங்கள் போனபோது 16 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுக்கப்பட்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு, பக்கத்தில் ஐந்து வண்டிகள் ஏர்கோன் ஓட்டிக்கொண்டிருக்க, எங்கள் கேத்தல் கொதிக்கும்போது மீட்டர் 222 காட்டியது.